அப்பா புத்தி மகனுக்கு வருமா?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுற்றுலாவுக்குச் சேர்த்துவைத்த பணத்தில் 1,400 ரூபாய் குறைந்தது. பணத்தை வைத்திருந்த வகுப்புத் தலைவன் இரண்டு நாளில் உண்மையைச் சொல்லிவிட்டான். கிரிக்கெட் போட்டிக்குப் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறான். ஆசிரியர் அறையில் ஒருவர், "அவங்க அப்பா சீட்டாடியே வீட்டை வித்தவரு. ரத்தத்துல ஊறினது, எங்க போகும்?" என்றார். நானும் தலையாட்டினேன். பையன் வாசலில்தான் நின்றிருந்தான்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் அப்பாவும் லாட்டரிச் சீட்டில் சம்பளத்தைத் தொலைத்தவர்தான். கடைக்கு எங்கள் இருவரையும் கூட்டிப்போவார். ஆனால் சீட்டை எடுக்கச் சொல்வது அண்ணனை மட்டுமே. "உன் கை ராசியான கைடா" என்பார். ஒருமுறை 500 ரூபாய் விழுந்தது. அண்ணன் அதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி தடைசெய்யப்பட்டது. பிறகு அண்ணன் கைக்குச் செல்பேசி வந்தது, அதில் ரம்மி வந்தது, கடன் வந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு. அப்படியானால் ரத்தம் என்ன செய்கிறது?

இதற்கு விடை தேட அறிவியலாளர்கள் இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்று. மற்ற இரட்டையர்களுக்கு, சாதாரண உடன்பிறப்புகளைப் போல, சராசரியாகப் பாதி. முதல் வகையினர் சூதாட்டப் பழக்கத்தில் இரண்டாம் வகையினரைவிட அதிகம் ஒத்திருந்தால், மரபுக்கு அதில் பங்கு உண்டு. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய 3,359 ஆண் இரட்டையர் இணைகளைக் கொண்ட ஆய்வு 1998இல் வெளியானது. ஆஸ்திரேலியாவில் பெண்களையும் சேர்த்து 4,700க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2010இல் வந்தது. அந்த இரண்டாவது ஆய்வின் மதிப்பீட்டில் மரபின் பங்கு 49 சதவீதம்.

இந்த 49ஐப் படித்தவுடன் நாம் தடுமாறிவிடுகிறோம். சூதாடியின் பிள்ளைகளில் 49 சதவீதம் பேர் சூதாடுவார்கள் என்று பொருளல்ல. ஒரு சமூகத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதியை மரபு விளக்குகிறது, அவ்வளவுதான். தனி ஒரு மாணவனைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. பத்தாம் வகுப்பில் நடத்தும் மெண்டலின் பட்டாணிச் செடி போல நெட்டை, குட்டை என்று பிரித்துக்காட்ட இங்கே ஒற்றை மரபணு கிடையாது. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தருவது ஒரு சாய்வை: காத்திருக்க முடியாமை, சட்டென்று இறங்கிவிடுதல். மதுப்பழக்கத்துக்கான மரபுச் சாய்வும் இதனோடு ஓரளவு பொதுவானது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் சூதாட்ட நோயைப் போதை அடிமைத்தனத்தோடு சேர்த்து வகைப்படுத்தியது.

ஆஸ்திரேலிய ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. உடன்பிறந்தோர் பொதுவாகப் பகிரும் வீட்டுச் சூழலுக்குத் தனிப் பங்கு எதுவும் தென்படவில்லை. வீடு முக்கியமில்லை என்றா இதற்குப் பொருள்? நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வீடு இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வீடாக இருப்பதில்லை. ராசியான கை அண்ணனுடையது. எனக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. அது என் அதிர்ஷ்டம் என்று இப்போது நினைக்கிறேன்.

நமக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று கனடாவின் மான்ட்ரியலில் நடந்தது, 2009இல் வெளியானது. 163 மழலையர் வகுப்புக் குழந்தைகளின் கவனச் சிதறலையும் துடுக்கையும் அவர்களுடைய ஆசிரியர்களே மதிப்பிட்டார்கள். அதிக மதிப்பெண் பெற்ற குழந்தைகள் ஆறாம் வகுப்பில் சூதாட்டத்திலும் அதிகம் ஈடுபட்டிருந்தார்கள். மருத்துவரோ பரிசோதனைக் கூடமோ வேண்டியிருக்கவில்லை. ஆசிரியரின் கண்ணே போதுமானதாக இருந்தது. அதற்காக, துறுதுறுப்பான பிள்ளைகளுக்கெல்லாம் பட்டியல் போடக் கிளம்பிவிடக் கூடாது. பொறுத்திருந்து ஒரு வேலையை முடிக்கும் பழக்கத்தை முதல் வகுப்பிலிருந்தே பயிற்றலாம் என்பதுதான் செய்தி. நிகழ்தகவுப் பாடத்தில் பகடையை உருட்டுவதோடு நிறுத்தாமல், பந்தயம் கட்டுபவர் நாளடைவில் ஏன் தோற்கிறார் என்று கணக்குப் போட வைத்தால் பிள்ளைகள் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 2025இல் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியிருக்கிறது. ஆனால் என் மாணவன் கட்டியது மைதானத்து மரத்தடியில், நண்பனிடம்.

தொடர்ந்து கடன் கேட்பது, வகுப்பில் தூங்கி வழிவது, செல்பேசியை மறைப்பது, வீட்டுப் பணம் காணாமல் போவது ஆகியவை ஒருசேரத் தெரிந்தால் தனியே அழைத்துப் பேசலாம். அரசின் மனநல உதவி எண் 14416இல் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும்.

மறுநாள் அவனிடம் முதலில் என் அப்பாவைப் பற்றித்தான் சொன்னேன். வெகுநேரம் தரையையே பார்த்திருந்தான். பிறகு, "அப்ப நானும் எங்க அப்பா மாதிரி ஆயிடுவேன்னு இல்லையா சார்?" என்று கேட்டான். இல்லை என்றேன். மற்றவர்களைவிட நீ கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். பணத்தை மாதம் 200 ரூபாயாக அவன் அம்மா கட்டி முடித்தார். சுற்றுலாவுக்கு அவனையும் அழைத்துப்போனோம். கணக்கு நோட்டை அவனிடமே கொடுத்தேன், பணப்பையை நான் வைத்துக்கொண்டேன்.