அணைய மாட்டேன் என்கிறதா கம்ப்யூட்டர்? பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள்!

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் அன்றைக்கே சர்வீஸ் ஆளைக் கூப்பிடுகிறோம். ஆஃப் ஆகவில்லை என்றால் யாரும் கூப்பிடுவதில்லை. அதற்கான வைத்தியம் நம் விரலிலேயே இருப்பதாக நினைப்பு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் எந்த சிஸ்டமும் அடங்கிவிடும். அதற்கும் மசியவில்லையா, சுவரில் சுவிட்ச் இருக்கிறது. கோளாறு அப்படியே கிடக்கும். மறுநாள் ராத்திரி மறுபடி அழுத்துவோம். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டும் வீடுகள் ஏராளம். கோளாறைவிட இந்த வைத்தியம்தான் ஆபத்து என்பது என் கட்சி.

பொதுவாக ‘ஆஃப் ஆகலை’ என்று சொல்லிவிட்டாலும் அதில் மூன்று ரகம் உண்டு. ‘ஷட்டிங் டவுன்’ என்று போட்டுக்கொண்டு புள்ளிகள் வட்டமடித்துக்கொண்டே இருப்பது முதல் ரகம். திரை இருண்டுபோய், கேபினட்டுக்குள் மட்டும் ஃபேன் ஓடிக்கொண்டிருப்பது இரண்டாவது. ஒழுங்காக அணைந்து, நாம் நாற்காலியை விட்டு எழுவதற்குள் தானாக மறுபடி ஆன் ஆவது மூன்றாவது; ஏதோ புகுந்துவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் மிரள்வது இதைப் பார்த்துத்தான். எந்த ரகம் என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனால் மூன்றுக்கும் பல கடைகளில் ஒரே தீர்ப்புதான்: “ஃபார்மட் அடிச்சிடலாம் சார்.”

19 நாளாக அணையாத சிஸ்டம்

திருச்சியில் நான் பார்த்த ஒரு சர்வீஸ் கடைக்காரர் அந்த ரகமில்லை. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் சிபியுவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். “ஷட் டவுன் கொடுத்தா பத்து நிமிஷம் சுத்துது தம்பி. பிரிண்டர் வேற திடீர் திடீர்னு காணாமப் போயிடுது. இத்தனைக்கும் தினமும் ராத்திரி ஒழுங்கா அணைச்சிட்டுத்தான் படுக்கிறேன்” என்றார்.

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. வயர்களை மாட்டி ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் சிபியு என்ற இடத்தைத் தொட்டார். வரைபடத்துக்குக் கீழே ‘அப் டைம்’ என்று ஓர் எண் இருக்கும். அதில் 19 நாள், சில மணி நேரம் என்று காட்டியது.

“சார், இந்தக் கணக்குப்படி இது பத்தொன்பது நாளா அணையவே இல்லை.”

“ஆட்டோவுல வரும்போதுமா?”

“ஆமா சார். தூங்கிட்டே வந்திருக்கு.”

விஷயம் இதுதான். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று ஒரு வசதி உண்டு. ஷட் டவுன் கொடுத்ததும் நாம் திறந்து வைத்த புரோகிராம்கள் எல்லாம் மூடப்படும். ஆனால் விண்டோஸின் அடிப்படைப் பகுதியும், பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர்களும் மூடப்படுவதில்லை. அவை இருந்த நிலை அப்படியே ஒரு ஃபைலாக டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். காலையில் ஆன் செய்ததும் அந்த ஃபைலிலிருந்து எழுந்து வந்துவிடும். அதனால்தான் சீக்கிரம் திறக்கிறது. நேற்றைக்குத் தடுமாறிய பிரிண்டர் டிரைவர் இன்றைக்கும் அதே தடுமாற்றத்தோடு எழுகிறது. வேடிக்கை என்னவென்றால், ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முழுக்க மூடப்பட்டுப் புதிதாகத் தொடங்கும்.

பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் இந்த வசதிக்கு அர்த்தம் இருந்தது. எஸ்எஸ்டி போட்ட சிஸ்டத்தில் மிச்சமாவது சில நொடிகள். அதற்காக வாரக்கணக்கில் குப்பை சேர விடுவானேன்? திரை இருண்டும் ஃபேன் ஓடும் இரண்டாவது ரகத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இந்த அரைத் தூக்கத்துக்குள் நுழையத் தெரியாத பழைய டிரைவர் ஒன்று இருந்தால் போதும், கடைசிப் படி தாண்டாமல் அப்படியே நிற்கும். அதை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தால் கரண்ட் பில்லும் ஏறும். 50 வாட் இழுக்கும் கேபினட் 10 மணி நேரம் ஓடினால் அரை யூனிட். இரண்டு மாத பில்லில் 30 யூனிட்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைத் தொடுங்கள். அந்த ஒரு முறை முழுமையாக அணையும். அப்படிச் செய்யும்போது மட்டும் ஒழுங்காக அணைகிறது என்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ போய், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டு’ என்பதைத் திறந்தால் கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கு எதிரே டிக் இருக்கும். மங்கலாக இருந்தால் மேலே உள்ள ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ வரியை முதலில் தொட வேண்டும். டிக்கை எடுத்துச் சேமித்துவிட்டால் முடிந்தது. ஆசிரியரின் சிஸ்டத்துக்கு அன்று செய்ததும் இதுதான், கூடவே பிரிண்டருக்குப் புது டிரைவர்.

யார் இன்னும் கிளம்பவில்லை?

வட்டமடிக்கும் முதல் ரகத்தில் பெரும்பாலும் யாரோ ஒருவர் கிளம்பாமல் இருக்கிறார் என்று பொருள். கல்யாண மண்டபத்தைக் காலி செய்கிற மாதிரிதான் ஷட் டவுனும். எல்லா அறைக்கும் சொல்லியாகிவிட்டது, ஒரு கோஷ்டி மட்டும் இன்னும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும். “இந்த ஆப் ஷட் டவுனைத் தடுக்கிறது” என்று விண்டோஸே ஆங்கிலத்தில் பெயரோடு காட்டிக்கொடுக்கும். பலரும் அதைப் படிக்காமலே ‘ஷட் டவுன் எனிவே’ என்பதைத் தட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் அதே பெயர் வந்தால் அந்தப் புரோகிராமைப் புதுப்பிக்கலாம், வேண்டாததாக இருந்தால் தூக்கிவிடலாம்.

பெயர் எதுவும் காட்டாமல் வெறுமனே சுற்றினால் யுஎஸ்பியில் செருகியிருக்கும் பிரிண்டர், வெளி டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு முறை ஷட் டவுன் கொடுங்கள். காசு செலவில்லாத சோதனை. அதிலும் பலன் இல்லையென்றால் விண்டோஸோடு வரும் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் விண்டோஸுக்குச் சொந்தமில்லாத சர்வீஸ்களை மட்டும் நிறுத்திப் பார்ப்பது அடுத்த படி. அப்போது நல்லபடியாக அணைந்தால், பின்னால் வந்து சேர்ந்த ஏதோ ஒன்றுதான் வேலையைக் கெடுக்கிறது. பாதியைத் திரும்ப ஆன் செய்து பார்த்து, அதில் பாதி என்று சுருக்கிக்கொண்டே போனால் ஆள் கிடைத்துவிடும். வேண்டாத ஆன்ட்டி வைரஸ் இரண்டு சேர்ந்து உட்கார்ந்திருப்பதும் இப்படித்தான் தெரியவரும்.

தானாக எழும் மூன்றாவது ரகத்துக்கு வேறு காரணங்கள். மவுஸும் நெட்வொர்க் கார்டும் சிஸ்டத்தை எழுப்ப அனுமதி பெற்றிருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் அவற்றின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிடலாம். இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது. அணையும் கடைசி நொடியில் நீலத்திரைக் கோளாறு வருகிறது. கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகு என்று விண்டோஸில் முன்கூட்டியே எழுதியிருக்கிறது. நமக்குத் தெரிவது ரீஸ்டார்ட் மட்டும்தான். ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி’யில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்தால் நீலத்திரை நின்று, அதில் உள்ள பிழைப் பெயரைப் படிக்கலாம். கேபினட்டின் பட்டனே தூசியில் சிக்கி உள்ளே போய் நிற்பதும் உண்டு. பத்து வருஷக் கேபினட் என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

நான்கு நொடி விரல்

இனி என் கவலைக்கு வருகிறேன்.

விண்டோஸ் 95 ஓட்டியவர்களுக்கு அந்தக் கறுப்புத் திரையும் ஆரஞ்சு எழுத்தும் நினைவிருக்கும். இப்போது அணைக்கலாம், பயமில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதன் பிறகு நாம் எழுந்து ‘டக்’கென்று சுவிட்சைத் தட்டுவோம். அந்த சுவிட்ச் நேரடியாகக் கரண்டையே துண்டிக்கும். 1995இல் ஏடிஎக்ஸ் வகை கேபினட்டுகள் வந்த பிறகு முன்பக்க பட்டன் மதர்போர்டுக்குத் தகவல் சொல்லும் பட்டனாக மாறிவிட்டது. கரண்டை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஊதா வயரில், சிஸ்டம் அணைந்த பிறகும் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். மறுபடி பட்டனைத் தட்டினால் எழ வேண்டுமே, அதற்காக.

சிஸ்டம் ஒரேயடியாக உறைந்துபோனால் என்ன செய்வது? அதற்குத்தான் 1996இல் வந்த ஏசிபிஐ என்ற மின் நிர்வாக விதிகளில் நான்கு நொடிக்கு மேல் அழுத்தினால் யாரையும் கேட்காமல் கரண்டை நிறுத்தும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. வேறு வழியே இல்லாதபோது பயன்படுத்த வைத்தது. அதை நாம் தினசரி வழக்கமாக்கிவிட்டோம். ஆறாம் வகுப்புப் பையன் ஷட் டவுன் மெனு எங்கே இருக்கிறது என்று தேடுவதில்லை, நேராகப் பட்டனில் கட்டைவிரலை வைக்கிறான். பேட்டரியைக் கழற்ற முடியாத லேப்டாப்புகள் வந்த பிறகு பெரியவர்களுக்கும் அதே பழக்கம்.

சேமித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் ஃபைல் அந்த நொடியில் டிஸ்க்கில் இருக்கிறதா என்பது சந்தேகம். வேகத்துக்காக விண்டோஸ் அதைக் கொஞ்ச நேரம் மெமரியில் வைத்திருந்து பிறகுதான் எழுதும். ஷட் டவுன் என்பதில் பெரிய வேலையே இந்த பாக்கியைத் தீர்ப்பதுதான். பாதியில் கரண்டை வெட்டினால் விண்டோஸின் ஃபைல் முறையான என்டிஎஃப்எஸ் தன் பதிவேட்டை வைத்து ஃபோல்டர் அமைப்பைச் சரிசெய்துகொள்ளும். மறுநாள் விண்டோஸ் திறக்கும், எல்லாம் நலம் என்றுகூடச் சொல்லும். ஆனால் அந்தப் பதிவேடு காப்பது அமைப்பை மட்டுமே. ஃபைலுக்குள் இருக்கும் உங்கள் சங்கக் கணக்கை அது காப்பாற்றாது. கெட்டுப்போனது தெரியவே மாதங்கள் ஆகலாம். வளைகாப்பு வீடியோ பாதியில் நிற்கும். பட்டா ஸ்கேன் திறக்காது. நமக்கும் அந்த ராத்திரி அழுத்திய பட்டன் ஞாபகத்துக்கு வராது.

ஹார்ட் டிஸ்க் போட்ட பழைய சிஸ்டங்களில் உடம்புக்கே அடி. சுழலும் தட்டின் மேல் மயிரிழையைவிட மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது படிக்கும் முனை. கரண்ட் நின்றதும், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து அந்த முனையை அவசரமாக ஓரம் ஒதுக்கிவிடுகிறது டிஸ்க். எத்தனை முறை இப்படிப் பதறியது என்பதைப் பல டிஸ்க்குகள் எண்ணியும் வைத்திருக்கின்றன. டிஸ்க் பரிசோதிக்கும் மென்பொருளில், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் அட்டவணையின் 192ஆவது வரி பெரும்பாலும் அதுதான். எஸ்எஸ்டியில் ஓடும் பாகம் இல்லை என்று நிம்மதி அடைபவர்களுக்கு: எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை அதுவும் அவ்வப்போது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். திடீர் மின் இழப்பைத் தாங்கும் கெப்பாசிட்டர்களை சர்வர் ரக எஸ்எஸ்டிகளில் வைக்கிறார்கள். வீட்டு ரகத்தில் பொதுவாக அவை இருப்பதில்லை.

இதெல்லாம் வீண் பயம், நூறு தடவை அழுத்தியும் ஒன்றும் ஆகவில்லை என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. நூற்றியோராவது தடவை போவது யார் வீட்டுப் புகைப்படம் என்பதுதான் கேள்வி.

ஆகவே சிஸ்டம் உண்மையிலேயே உறைந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். கீபோர்டில் விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. திரை மட்டும் இருண்டிருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கி, படம் திரும்ப வந்தாலும் வரலாம். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தினால் வரும் திரையின் மூலையில் பவர் குறி இருக்கும், அதையும் முயலுங்கள். கேபினட்டில் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் அப்டேட் ஓடுகிறதோ என்னவோ, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக ஓடிக்கொண்டிருக்கும் வீடு என்றால் அதை முதலில் மாற்றுங்கள். அழுத்திப் பிடிப்பதும் மின்வெட்டும் டிஸ்க்குக்கு ஒன்றுதான். இடி இடித்தால் சுவர் சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம், ஃபேன் நின்ற பிறகு.

எதற்கும் மசியவில்லை, விளக்கும் மாறவில்லை என்றால் அழுத்துங்கள். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் மறுநாள், விண்டோஸின் பிழைகள் பதிவாகும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் பிழையாகப் பதிவானது என்ன என்று பாருங்கள். 41, 6008 என்ற எண்கள் கரண்ட் வெட்டப்பட்டதை மட்டும் சொல்லும். அதற்கு முந்தைய வரிகளில்தான் காரணம் இருக்கும். அந்தப் பக்கத்தை மொபைலில் போட்டோ எடுத்து சர்வீஸ் கடைக்காரரிடம் காட்டினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அவர் அதைப் பார்க்காமலே ஃபார்மட் என்று ஆரம்பித்தால், “முதல்ல என் ஃபைலையெல்லாம் ஒரு வெளி டிஸ்க்குல காப்பி எடுத்துக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்” என்று சொல்லுங்கள். காப்பி எடுத்துத் தர முடியாது என்றால் சிபியுவைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.