ஆறு மாதப் பனிக்குக் கூரையில் தீவனம்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு நீட்ட முடிவதில்லை. குழித்தறி உள்ள வீடுகளில் குழிக்குள் ஈரம் ஊறித் தறி நின்றுவிடும். மாடு வைத்திருப்பவர்களுக்கோ வைக்கோற்போர் நனையாமல் காப்பதே பெரும்பாடு. ஆனாலும் சில நாட்களில் வானம் வெளுத்துவிடும். வரப்பில் புல்லும் தழைத்துவிடும். வெளியே ஒரு பச்சைப் புல்கூட இல்லாத நிலை ஆறு மாதம் நீடித்தால் ஒரு விவசாயக் குடும்பம் என்ன செய்யும்? நம் நாட்டின் வடகோடியில் உள்ள லடாக்கில் ஒவ்வொரு ஆண்டும் இதுதான் நிலை.

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்தால் 100 மில்லிமீட்டர் அளவுதான். காஞ்சிபுரம் பகுதியில் ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் பெய்கிறது. லேயில் பனியைவிடக் குளிர்தான் கடுமை. தை மாதத்து இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும். ஸன்ஸ்கார், திராஸ் பள்ளத்தாக்குகளில் பனியும் மிகுதியாகக் கொட்டும். கணவாய்ப் பாதைகள் மூடிக்கொண்டால், உறைந்த ஸன்ஸ்கார் ஆற்றின் மேல் நடந்துதான் லேக்கு வர வேண்டும் என்ற நிலை வெகுகாலம் இருந்தது. அண்மை ஆண்டுகளில் ஆற்றை ஒட்டிச் சாலை அமைக்கப்பட்டதால் இந்தத் தனிமை குறைந்து வருகிறது.

அங்கு ஒரு போகம்தான். சித்திரை, வைகாசியில் பார்லி விதைத்து, ஆவணி, புரட்டாசியில் அறுக்கிறார்கள். வீடு பெரும்பாலும் இரண்டடுக்கு. மண் சுவர், தட்டைக் கூரை. கீழ்த்தளம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உரியது. மேல்தளத்தில் குடும்பம் வசிக்கிறது. கால்நடைகளின் உடற்சூடு மேலேறித் தரையைச் சற்றே கதகதப்பாக்கும். குளிர்காலத்தில் மற்ற அறைகளை அடைத்துவிட்டு, அடுப்பு எரியும் ஒரே அறையில் தாத்தா, பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் கூடிவிடுகிறார்கள். தாத்தாவை ‘மேமே’ என்றும், பாட்டியை ‘அபி’ என்றும், தாயை ‘அமா’ என்றும் அழைக்கிறார்கள். நாம் ‘ங்க’ சேர்ப்பதுபோல அவர்கள் மரியாதைக்கு ‘லே’ சேர்க்கிறார்கள். ‘அமாலே’ என்றால் ‘அம்மாங்க’ என்பது போல.

அடுப்புக்கு விறகு அரிது. கோடையில் பொறுக்கி உலர்த்திய சாணமே எரிபொருள். இப்போது எரிவாயு உருளைகள் பல வீடுகளுக்கு வந்துவிட்டன. வறுத்த பார்லி மாவு, வெண்ணெயும் உப்பும் சேர்த்த தேநீர், உலர்ந்த பாலாடைக்கட்டி, உலர்ந்த வாதுமைப்பழம் என்று அலமாரியில் எடுத்து வைத்தவைதான் உணவு. உருளைக்கிழங்கு, முள்ளங்கி, கேரட் ஆகியவற்றை உறைந்து போகாதபடி மண்ணில் குழி வெட்டிப் புதைத்து வைக்கிறார்கள்.

இங்கே மழையில் தறி நிற்கிறது. அங்கே நிலம் உறங்கும்போதுதான் தறி ஓடுகிறது. கதிர் பிடித்துக் கம்பளி நூற்பது குளிர்கால மாலைகளின் வேலை. அந்த நூலில் ‘நாம்பு’ என்னும் குறுகிய அகலத் துணி நெய்து, துண்டுகளை இணைத்து நீண்ட அங்கி தைக்கிறார்கள்.

ஆனால் மாவும் நூலும் அல்ல, தீவனம்தான் அந்தக் குடும்பத்தின் பெருங்கவலை. லே பகுதியில் வீட்டுக் கூரைகளின் விளிம்பெங்கும் அடுக்கப்பட்டிருக்கும் உலர்ந்த கட்டுகளில் முக்கியமானது, நம் விவசாயிகள் அறிந்த குதிரைமசால்தான். கோடையில் அறுத்து, இலை உதிராமல் காயவைத்துக் கூரையில் ஏற்றுகிறார்கள். பார்லி வைக்கோல், வரப்புப் புல், களையெடுத்த செடிகள் எதுவும் வீணாவதில்லை. குளிர் தொடங்கும்போதே கணக்குப் போட்டுவிட வேண்டும்: கூரையில் எத்தனை கட்டு, கொட்டிலில் எத்தனை வாய்? கணக்கு ஒத்துவராவிட்டால் சில விலங்குகளை அப்போதே கழித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பெயர் வைத்து வளர்த்த ஆடாக இருந்தாலும் இதில் தயவு கிடையாது. மிஞ்சியவற்றில் கறவைக்கும் சினைக்கும் கன்றுக்கும் குதிரைமசால், மற்றவற்றுக்கு வைக்கோல்.

கணக்கை மீறிப் பனி பெய்தால் என்ன ஆகும் என்பதை 2013-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சாங்தாங் பீடபூமி காட்டியது. அங்குள்ள நாடோடி மக்கள் குளிர்காலத்திலும் மேய்ச்சலையே நம்புபவர்கள். புல்லைப் பனி மூடியதால் பஷ்மினா ஆடுகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன.

குளிரில் தண்ணீர் குழாயும் உறைந்துவிடும் என்பதால் கழிப்பறைக்குத் தண்ணீர் பயன்படுத்துவதில்லை. மேல்தளத்து அறையில் ஒரு துளை. ஒவ்வொரு முறையும் மண்ணும் சாம்பலும் தள்ளுகிறார்கள். கீழே சேர்ந்து மக்கியது வசந்தத்தில் வயலுக்குப் போகிறது. ஸன்ஸ்காரில் இன்னொரு உபாயமும் உண்டு. இலையுதிர் காலத்தில் மண்ணை வீட்டுக்குள் சேமித்து வைத்து, பங்குனி, சித்திரையில் வயலை மூடிய பனியின் மேல் தூவுகிறார்கள். கரிய மண் வெயிலை உறிஞ்சுவதால் பனி முந்திக் கரைகிறது. போகம் குறுகியது என்பதால் முந்தும் ஒவ்வொரு நாளும் விளைச்சலாகும்.

தண்ணீர்க் கணக்கும் இப்படியே. மலை உச்சிப் பனியாறு உருகி வர ஆனி ஆகிவிடும். விதைப்புக்கோ சித்திரையிலேயே தண்ணீர் வேண்டும். லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் செவாங் நார்ஃபெல் 1980-களின் இறுதியிலிருந்து, குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடை நீரைக் கிராமத்துக்கு மேலே தேக்கி உறையவைத்துச் செயற்கைப் பனியாறுகளை உருவாக்கினார். 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் குழாய் நீரை உயரே பீய்ச்சிக் கூம்பு வடிவப் பனிக்குன்றாக்கிக் காட்டினார். ஏரிப் பாசனத்துக்குப் பேர்போன காஞ்சிபுரம் மாவட்டத்தாருக்கு இது புரியாத விஷயமல்ல. அவர்கள் ஏரியைக் கட்டியாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நமக்குப் பனிக்காலம் இல்லாவிட்டாலும் பங்குனி முதல் ஆனி வரை தீவனப் பஞ்சம் உண்டு. அறுவடையின்போது வைக்கோலை வயலிலேயே மலிவாக விற்றுவிட்டு, சித்திரையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது பல வீடுகளில் வாடிக்கை. மாடு ஒன்றுக்கு நாளைக்கு 6 கிலோ வீதம் 90 நாளைக்கு 540 கிலோ. இரண்டு மாடுகளுக்கு ஒரு டன்னுக்குச் சற்று அதிகம். ஒரு ஏக்கர் நெல்லில் சுமார் 2 டன் வைக்கோல் கிடைக்கும் என்பதால், பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியை விற்கலாம்.

வைக்கோலில் புரதம் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் சத்து கூடும். எடுத்த பின் சற்று நேரம் ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. யூரியாக் கரைசலை மாடு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

குதிரைமசால் வடிகால் நன்றாக உள்ள நிலத்தில்தான் வரும். ஏரிக்குக் கீழே தண்ணீர் நிற்கும் வயலில் போட்டால் வேர் அழுகிவிடும். அப்படிப்பட்ட வயல் உள்ளவர்கள் மேட்டுப்பாங்கான ஓரங்களில் வேலிமசாலை விதைத்து, மிஞ்சுவதை நிழலில் உலர்த்திக் கட்டி வைக்கலாம்.