வடிகாலுக்கு யார் கடன் கொடுப்பார்கள்?

இந்தூர் நகரம் குடிப்பது நர்மதைத் தண்ணீர். சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜலூதிலிருந்து, இந்தூர் இருக்கும் மால்வா மேட்டுக்கு அதை ஏற்றும் பம்புகளின் மின்கட்டணமே மாநகராட்சியின் பெரும் சுமை. 2023 பிப்ரவரியில் அங்கே 60 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைக்க, இந்தூர் மாநகராட்சி 244 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரம், அதாவது சுற்றுச்சூழல் திட்டத்துக்கான கடன் பத்திரம், வெளியிட்டது. பத்திரம் ஒன்று 1,000 ரூபாய், வட்டி 8.25 சதவீதம். அசல் 3, 5, 7, 9 ஆண்டுகளின் முடிவில் நான்கு சம பங்குகளாகத் திரும்பும். சாதாரண மக்களும் வாங்கலாம் என்றார்கள். கேட்டதைவிடப் பல மடங்கு பணம் குவிந்தது.

காரணம் எளிது. மின்கட்டணத்தில் மிச்சமாகும் பணம் கடனை அடைக்க உதவும். கரியமில வாயுவைக் குறைக்கும் திட்டங்கள் பலவற்றுக்கும் இப்படி ஒரு வரவு உண்டு. ஆனால் வெள்ளத்தைத் தாங்க நகரத்தைத் தயார்படுத்தும் வேலைக்கு? மழைநீர் வடிகால் யாருக்கும் பில் போடுவதில்லை. அது சரியாக வேலை செய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வராது, அவ்வளவுதான். அந்த நன்மை எந்தக் கணக்கிலும் வரவாக ஏறாது.

சென்னையைப் பாருங்கள். வடசென்னையின் கொசஸ்தலையாறு வடிநிலத்தில் வடிகால் கட்ட, ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடன் தர ஒப்பந்தமானது. அதே திட்டத்துக்காக மாநகராட்சி 2025இல் 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது, வட்டி 7.97 சதவீதம். இதை அடைப்பது வடிகாலின் வருமானம் அல்ல, மாநகராட்சியின் பொது வருவாய். அதில் மக்கள் கட்டும் சொத்து வரியும் அடக்கம்.

சென்னைக்குப் பெயர் இருக்கிறது, கடன் கிடைக்கிறது. சிறு நகராட்சியை எந்த முதலீட்டாளர் நம்புவார்? இதற்குத் தமிழ்நாடே ஒரு வழி காட்டியிருக்கிறது. 2002-03இல் 13 சிறு ஊர்களின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, 30.41 கோடி ரூபாய்க்குக் கூட்டுப் பத்திரம் வெளியிட்டார்கள். தனியாகக் கேட்டிருந்தால் கிடைத்திராத பணம், மாநில அரசின் ஆதரவும் அமெரிக்க உதவி நிறுவனத்தின் பகுதி உத்தரவாதமும் இருந்ததால் கிடைத்தது.

கடலூரும் நாகையும் புயலை எதிர்கொள்ளும் இந்தக் காலத்தில் வடிகால்களுக்கும் அதே வழியைத் திறக்க வேண்டும். உங்கள் நகராட்சியின் அடுத்த பட்ஜெட்டில் வடிகாலுக்கு எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது என்று வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.