பனியே போர்வை

மார்கழி மாதத்து விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட எழுந்திருக்கும் பெண்மணிகளைக் கேட்டால், குளிர் என்பது என்ன என்று கதை கதையாகச் சொல்வார்கள். வீட்டு ஆண்பிள்ளைகளோ கம்பளியைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு, “கொஞ்சம் வெயில் ஏறட்டும்” என்று புரண்டு படுப்பார்கள். இத்தனைக்கும் சென்னையில் அந்த வேளையில் வெப்பமானி காட்டுவது ஏறக்குறைய 20 டிகிரி. தண்ணீர் உறைவதற்கு அதிலிருந்து இன்னும் 20 டிகிரி இறங்க வேண்டும்.

இனி வேறோர் இடத்தை நினைத்துப் பாருங்கள். கனடா தேசத்தின் வடகோடி. வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில் நிற்கிறது. (அந்த ஓரிடத்தில் மட்டும் ஸென்டிகிரேடும் பாரன்ஹீட்டும் தங்கள் வழக்கை மறந்து ஒன்றாகிவிடுகின்றன, ஆகையால் எந்தக் கணக்கு என்று கேட்க வேண்டியதில்லை.) கண்ணுக்கெட்டிய தூரம் வெண்பனி. மரம் கிடையாது, ஆகவே விறகும் கிடையாது. காற்றோ கத்திபோல் வீசுகிறது. பகல் என்று பெயர் பெற்ற சிறிது வெளிச்சமும் மறைந்துவிட்டது. வேட்டைக்குப் புறப்பட்ட ஒரு மனிதன் இந்த வெட்டவெளியில் விடியும்வரை உயிரோடு இருப்பது எங்ஙனம்?

“எந்தப் பனி கொல்லுகிறதோ அந்தப் பனியையே வெட்டி வீடாகக் கட்டி, அதற்குள் படுத்து உறங்குவதுதான் வழி” என்று கண்டறிந்தவர்கள் அத்தேசத்தின் ஆதிக்குடிகளான இனுயிட் மக்கள். பிறர் அவர்களை எஸ்கிமோக்கள் என்று அழைத்து வந்தார்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு உவப்பானதன்று. இனுயிட் என்றால் அவர்கள் பாஷையில் ‘மக்கள்’ என்றே பொருள்.

நான்கு திருடர்கள்

குளிர் என்று ஏதோ ஒரு வஸ்து வெளியிலிருந்து நம் உடம்புக்குள் நுழைவதாக நாம் எண்ணுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. நம் உடம்பின் உஷ்ணம் வெளியே போகிறது. அதைத்தான் குளிர் என்கிறோம். சும்மா படுத்திருக்கும் மனிதனின் உடல்கூட ஏறக்குறைய 100 வாட் மின்சார விளக்கு விடும் அளவு உஷ்ணத்தை இடைவிடாமல் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. உண்ட உணவே அதற்கு விறகு. அந்த உஷ்ணத்தைக் கொள்ளை கொள்ளும் திருடர்கள் நால்வர்: காற்று, தரை, ஈரம், திறந்த வானம். இவர்களில் காற்றை மட்டுமே நாம் அறிவோம். ஆனால் வெளியில் படுத்துறங்க நேர்ந்தவனை அதிகமாகச் சூறையாடுவது பல சமயங்களில் அவன் முதுகுக்குக் கீழே இருக்கும் தரைதான். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும், கீழே படுக்கை இல்லாவிட்டால் பயனில்லை.

வீடு என்பது உஷ்ணத்தைக் கொடுப்பதன்று. உடம்பு கொடுக்கும் உஷ்ணத்தை இந்த நால்வருக்கும் அகப்படாமல் காத்து வைப்பது. இந்த ஓர் உண்மையை உணர்ந்து கட்டிய வீடுதான் இனுயிட் வேட்டைக்காரனின் பனி வீடு. ‘இக்ளு’ என்ற சொல் அவர்களிடையே எவ்வகை வீட்டையும் குறிக்கும். நாம்தான் அதைப் பனி வீட்டுக்கு மட்டும் உரியதாக்கிவிட்டோம்.

கட்டும் விதம்

எல்லாப் பனியும் வீடு கட்ட உதவாது. புதிதாக விழுந்த பனி மாவுபோல் உதிரும். உருகி உறைந்த பனியோ வெறும் பாறை. காற்று அடித்து அடித்து இறுக்கிய பனி வேண்டும். அதுவும் ஒரே புயலில் விழுந்ததாக இருக்க வேண்டும். இரண்டு புயல்களில் படிந்ததானால், வெட்டும்போது இரு அடுக்கும் பிரிந்துபோகும். வேட்டைக்காரன் மெல்லிய கோல் ஒன்றைப் பனியில் செருகிப் பார்க்கிறான். தட்டுத் தடங்கலின்றி ஒரே சீராக இறங்கினால், “இதுதான் இடம்” என்று தீர்மானிக்கிறான்.

பிறகு மான் கொம்பிலோ எலும்பிலோ செய்த நீண்ட கத்தியை எடுக்கிறான். (பிற்காலத்தில் இரும்புக் கத்தியும் வந்தது.) தான் நிற்கும் இடத்திலிருந்தே செங்கல் அறுப்பதுபோல் பனிப் பாளங்களை அறுத்தெடுக்கிறான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மூன்று அடி நீளம், அரை அடிக் கனம். பாளங்களை எடுக்க எடுக்கத் தரை பள்ளமாகிறது. பள்ளமே வீட்டின் கீழ்ப்பாதி. சுவர் எழுப்புவது பாதி வேலைதான். மீதியைப் பள்ளம் செய்துவிடுகிறது.

முதல் வரிசையை வட்டமாக அடுக்கியபின் ஒரு தந்திரம் செய்கிறான். அந்த வரிசையின் தலையைச் சரிவாகச் சீவிவிடுகிறான். அதன்மேல் வைக்கும் பாளங்கள் நத்தை ஓட்டின் சுற்றுப்போல மேலேறிச் செல்கின்றன. ஒவ்வொரு பாளமும் உள்நோக்கிச் சாய்ந்து, முன்னதன் தோளையும் கீழுள்ளதன் தலையையும் பற்றிக்கொண்டு நிற்கிறது. சாரம் வேண்டியதில்லை, சுண்ணாம்பு வேண்டியதில்லை. கட்டுகிறவன் உள்ளேயே நின்று கட்டிக்கொண்டே வந்து, உச்சியில் மிஞ்சும் துவாரத்துக்குத் தக்கபடி கடைசிப் பாளத்தைச் செதுக்கி மூடிவிடுகிறான். வெளியிலிருப்பவர்கள் சந்துகளில் பொடிப் பனியை அடைக்கிறார்கள். நொறுங்கிய பனித் துகள்கள் ஒன்றையொன்று தொட்ட சிறிது நேரத்தில் ஒட்டி இறுகிவிடும்; அதுவே சாந்து.

இந்த வீட்டின் வடிவம் சரிபாதி வெட்டிய பந்தைப் போன்றதன்று. ஒரு தங்கச் சங்கிலியின் இரு நுனிகளையும் இரு விரல்களில் பிடித்துத் தொங்கவிட்டு, அந்த வளைவைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள். அதுவே அதன் வடிவம். பாரம் முழுவதும் சுவர் வழியே நேராகத் தரைக்கு இறங்கும்படி செய்வது அந்த வளைவுதான். தேர்ந்த கைக்கு ஓர் இரவுக்கான சிறு வீட்டைக் கட்டி முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும்.

உள்ளே நுழைவோம்

வாசல் தாழ்வானது, தவழ்ந்தே செல்ல வேண்டும். அது அடக்கத்துக்காக ஏற்பட்டதன்று. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப்போல் பள்ளத்தை நாடும். வெப்பக் காற்று மேலே ஏறும். ஆகையால் வாசல் தாழ்ந்தும், படுக்கும் மேடை உயர்ந்தும் அமைக்கப்படுகின்றன. குளிர் வாசற் பள்ளத்திலேயே தங்கிவிட, மேடைமேல் படுப்பவர்கள் வெப்பத்தில் மிதக்கிறார்கள். வீட்டைச் சிறிதாகக் கட்டுவதும் இதற்காகவே. பெரிய மாளிகை கட்டினால், அதிலுள்ள காற்றைச் சூடாக்குவதற்கே உடம்பின் உஷ்ணம் முழுவதும் செலவாகிவிடும்.

காற்றையும் வானத்தையும் பனிச் சுவர் தடுத்துவிட்டது. பனி எப்படிக் குளிரைத் தடுக்கும் என்று கேட்கலாம். இலவம்பஞ்சு மெத்தை எப்படித் தடுக்கிறதோ அப்படியேதான். பனித் துகள்களின் நடுவே சிறைப்பட்டிருக்கும் காற்று உஷ்ணத்தை எளிதில் கடத்துவதில்லை. அடுத்த திருடன் தரை. அவனுக்காகக் காரிபூ என்னும் துருவ மானின் தோல்களை மேடைமேல் விரிக்கிறார்கள். ஒன்றை மயிர்ப்பக்கம் கீழாகவும், அதன்மேல் மற்றொன்றை மயிர்ப்பக்கம் மேலாகவும் போடுவது வழக்கம். அந்த மயிரின் உள்ளேயும் காற்று அடைபட்டிருக்கிறது.

எஞ்சியவன் ஈரம். ‘உடம்பு வேர்க்கும்படி வேலை செய்யாதே’ என்பது துருவ தேசத்தின் முதல் பாடம். வேர்வையில் நனைந்த ஆடை இரவில் ஆளைக் கொல்லும். வீட்டுக்குள் நுழையுமுன் ஆடையில் ஒட்டிய பனியை ஒரு தடியால் தட்டி உதறிவிட வேண்டும். அதற்கென்றே ஒரு தடி வைத்திருக்கிறார்கள்.

மேடையருகே மாக்கல்லில் குடைந்த அகல் ஒன்று எரிகிறது. கடல்நாயின் கொழுப்பே எண்ணெய். பாசியும் பஞ்சுப்புல்லும் திரி. சுடர் புகையாமலும் அணையாமலும் திரியைச் சீராக்கிக் காப்பது பெண்களின் வித்தை. அந்த விளக்கே அடுப்பு, அதுவே துணி உலர்த்தும் கொடி, அதுவே குடும்பத்தின் மையம். விளக்கின் சூட்டில் சுவரின் உட்புறம் சற்றே உருகி மீண்டும் உறைந்து கண்ணாடிபோல் மெழுகிக்கொள்கிறது. வீடு முன்னிலும் வலுவடைகிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரி இருக்கையில், உள்ளே தண்ணீர் உறையும் நிலையை ஒட்டியே இருக்கும். நமக்கு அதுவும் நடுக்கந்தான். ஆனால் 40 டிகிரி வித்தியாசம் என்பது சாவுக்கும் உறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அல்லவா?

ஒன்று மறக்கக் கூடாது. கூரையில் ஒரு சிறு துவாரம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். பனி விழுந்து அது அடைபட்டால், எரியும் விளக்கே எமனாகிவிடும். மூடிய அறையில் எரியும் தீ, மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவை விடுகிறது. நம் தேசத்து மலை வாசஸ்தலங்களிலும், குளிருக்கு அஞ்சிக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி உறங்கியவர்கள் காலையில் எழுந்திராமற் போன செய்திகள் பத்திரிகைகளில் வருவதுண்டு. எழுத்தறியாத வேட்டைக்காரன் மறவாத அந்தத் துவாரத்தை, படித்த நாமும் மறக்கலாகாது.

மாணவரான வைத்தியர்

இந்த வித்தையைக் கைகட்டி நின்று கற்ற ஐரோப்பியர்களில் முதன்மையானவர் ஜான் ரே. ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னி தீவில் 1813-ல் பிறந்தவர். ஹட்ஸன் பே கம்பெனியின் வைத்தியர். 1846-ல் அவர் கனடாவின் வடகரையில் ரிபல்ஸ் விரிகுடாவில் குளிர்காலம் கழிக்க நேர்ந்தபோது, தம் நாட்டு வழக்கப்படி கல்லால் ஒரு வீடு கட்டினார். கல்வீட்டில் குளிர் தாங்கவில்லை. பக்கத்திலேயே இனுயிட் குடும்பங்கள் பனி வீட்டில் சுகமாக இருப்பதைக் கண்டார். வெட்கப்படாமல் அவர்களிடம் பாடம் கேட்டார். 1853-ல் மறுபடி அங்கே சென்றபோது, அந்தக் குளிர்காலத்தைத் தாமே பனி வீட்டில் கழித்தார்.

ரே கண்ட நுட்பம் ஒன்று உண்டு. துணிக் கூடாரத்தில் உறங்கினால், மூச்சிலுள்ள ஈரம் போர்வையில் படிந்து உறைகிறது. நாளுக்கு நாள் போர்வை கனத்துப் பனிப் பலகையாகிவிடுகிறது. பனி வீட்டிலோ அந்த ஈரத்தைச் சுவரே வாங்கிக்கொள்ள, போர்வை உலர்ந்தே இருக்கிறது. மேலும், கூடாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. போகும்போது கட்டிய வீடுகள் திரும்பும்போதும் காத்திருக்கும். 1875-ல் புறப்பட்ட பிரிட்டிஷ் கடற்படையின் துருவ யாத்திரை ஸ்கர்வி நோயால் நலிந்து மறு வருஷம் திரும்பியபின், 1877-ல் விசாரணைக் கமிட்டி முன்பு ரே இவற்றையெல்லாம் எடுத்துரைத்தார்.

யார் சொல் நின்றது?

அதற்கு வெகுமுன்பே ரே ஒரு பெரும் பழியைச் சுமந்திருந்தார். ஸர் ஜான் பிராங்க்ளின் தலைமையில் 1845-ல் எரிபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களில் வடதுருவக் கடலுக்குச் சென்ற 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 1854-ல் இனுயிட் மக்கள் ரேயிடம் செய்தி சொன்னார்கள். மாண்டவர்களின் வெள்ளிச் சாமான்களையும் கொடுத்தார்கள். வெள்ளையர் பட்டினியால் மடிந்தனர் என்றும், பசிக் கொடுமையில் இறந்தவர் உடலை இருந்தவர் உண்ண நேர்ந்தது என்றும் கூறினார்கள். ரே அதை உள்ளபடியே எழுதி அனுப்பினார்.

லண்டன் கொதித்தெழுந்தது. கீர்த்தி வாய்ந்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் பத்திரிகையிலேயே, காட்டுமிராண்டிகளின் வார்த்தையை நம்பலாமா என்ற தோரணையில் எழுதினார். பிரிட்டிஷ் கடற்படை மாலுமி அப்படிச் செய்யமாட்டான். ஆகவே இனுயிட் சொல்வது பொய் என்பது அவர்களுடைய தர்க்கம்! பிராங்க்ளினுக்குச் சிலைகள் எழுந்தன. ரேக்குப் பரிசுப் பணம் கிடைத்தது; ஸர் பட்டம் மட்டும் 1893-ல் அவர் இறக்கும்வரை கிட்டவில்லை.

காலம் தீர்ப்புச் சொல்லிற்று. 1990-களில் அம்மாலுமிகளின் எலும்புகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள் அவற்றில் கத்தி பட்ட தடங்களைக் கண்டார்கள். இனுயிட் முதியோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பகுதியிலேயே 2014-ல் எரிபஸ் கப்பல் கடலடியில் அகப்பட்டது. இனுயிட் ஒருவர் தாம் கண்டதைச் சொன்னதைக் கொண்டு 2016-ல் டெரர் கப்பலும் கண்டெடுக்கப்பட்டது. 2014-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ரேயின் பெயரையும் கல்லில் பொறித்தார்கள்.

பிராங்க்ளின் கோஷ்டியார் மாண்டதற்குப் பனி வீடு கட்டத் தெரியாதது ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. பசி, நோய், பனியில் சிக்கிய கப்பல் என்று காரணங்கள் பல. ஆனால் அவர்கள் மடிந்த அதே மண்ணில் பெண்களும் குழந்தைகளும் அகல் விளக்கைச் சுற்றி உறங்கி எழுந்துகொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. பின்னாளில் அதே பகுதியில் இரண்டு குளிர்காலம் தங்கி, இனுயிட் மக்களிடம் உடையும் உறைவிடமும் பயின்ற நார்வே வீரர் அமுண்ட்ஸன், 1911-ல் தென்துருவத்தை முதலில் மிதித்தார்.

இன்று இனுயிட் மக்கள் மரவீடுகள் கொண்ட ஊர்களில் வசிக்கிறார்கள். எனினும் வேட்டைக்குச் செல்பவர்கள் ஓர் இரவுக்கு இன்னும் பனி வீடு கட்டுவதுண்டு; குழந்தைகளுக்கும் அதைக் கற்பிக்கிறார்கள். அது நியாயமே. இயந்திர வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், விடியும்வரை உயிரைக் காப்பது பாட்டன் கற்பித்த கத்தி வேலைதான்.

அடுத்த மார்கழியில் கம்பளியை இழுத்துப் போர்த்தும்போது ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பளி உங்களுக்குச் சூடு கொடுக்கவில்லை. உங்கள் சூட்டைத்தான் காவல் காக்கிறது. ஆகவே மேலே இரண்டாவது கம்பளியைத் தேடுமுன், கீழே ஒரு ஜமக்காளத்தை விரித்துப் பாருங்கள். பனிமேல் படுத்துறங்கிய மக்கள் நமக்குச் சொல்லும் புத்திமதி அது.