லைவ் போட எது நல்ல நேரம்?

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ வீட்டு அறையில் உட்கார்ந்து பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடி யூடியூபில் லைவ் போடும் ஓர் இளைஞருக்கு முதலில் தோன்றும் நேரம் இரவு எட்டு மணி. ஊரே வீடு திரும்பியிருக்கும், எல்லோர் கையிலும் போன் இருக்கும். ஆனாலும் பார்ப்பவர் எண்ணிக்கை ஏழு, எட்டைத் தாண்டுவதில்லை. ஆட்டமும் மோசமில்லை, பேச்சும் மோசமில்லை. பின்னே எங்கே இடிக்கிறது?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் எந்தக் கண்டக்டரும் இதற்குப் பதில் சொல்லிவிடுவார். முன்னால் ஒரு வண்டி புறப்பட்ட இரண்டாவது நிமிடம் அதே ஊருக்கு இன்னொன்று கிளம்பினால், பின்னால் போகிற வண்டிக்கு வழியெல்லாம் காலி ஸ்டாப்புகள்தான். தனியார் பஸ்காரர்கள் டைமிங்குக்காக உயர் நீதிமன்றம்வரை போவது இதனால்தான். எவ்வளவு கூட்டம் நிற்கிறது என்பது பாதிக் கணக்கு. அந்தக் கூட்டத்தை எத்தனை வண்டிகள் பங்கு போடுகின்றன என்பது மீதிக் கணக்கு.

லைவுக்கும் இதே வகுத்தல்தான். ஒரு பேச்சுக்கு, இரவு எட்டு மணிக்குத் தமிழ் கேமிங் லைவ் தேடுபவர்கள் 10,000 பேர், ஓடும் சேனல்கள் 500 என்று வைத்துக்கொள்வோம். சேனலுக்கு 20 பேர். காலையில் தேடுபவர்கள் 2,000 பேர்தான். ஆனால் சேனல்கள் 40. சேனலுக்கு 50 பேர். நிஜத்தில் எட்டு மணிக்காரரின் நிலை இதைவிடவும் மோசம், ஏனென்றால் இந்தப் பங்கீடு ஒருபோதும் சமமாக நடப்பதில்லை. 2006இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அறிமுகமில்லாத பாடல்களைக் கேட்கக் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் ‘இதை இத்தனை பேர் பதிவிறக்கியிருக்கிறார்கள்’ என்ற எண்ணையும் காட்டினார்கள். எண் தெரிந்த இடத்தில் ஏறிய பாட்டு மேலும் ஏறியது. எது ஏறும் என்பதை முன்கூட்டிச் சொல்வதும் கடினமானது. ட்விட்ச் போன்ற தளங்கள் அதிகப் பார்வையாளர் உள்ள சேனலை மேலே வைத்துப் பட்டியலிடும்போது நடப்பதும் இதுதான். பெரிய சேனல்கள் எல்லாம் விழித்திருக்கும் நேரத்தில் சின்ன சேனல் பட்டியலின் அடியில் கிடக்கும்.

அப்படியானால் காலியான நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதுமா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் எல் ஃபரோல் என்று ஒரு மதுக்கூடம். அதை வைத்துப் பொருளியல் அறிஞர் பிரையன் ஆர்தர் 1994இல் ஒரு புதிர் போட்டார். வியாழன் இரவு அங்கே போக 100 பேருக்கு விருப்பம். 60 பேருக்குள் வந்தால் இனிமை, மேலே போனால் நெரிசல். போகலாமா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டும். ‘இன்று கூட்டம் இருக்காது’ என்று எல்லோரும் ஒன்றுபோலக் கணித்தால் எல்லோரும் போவார்கள், கணிப்பு பொய்யாகும். எல்லோருக்கும் பொதுவான சரியான சூத்திரம் என்று ஒன்று இருக்கவே முடியாது. கணினியில் ஓட்டிப் பார்த்தபோது வருகை சராசரியாக 60ஐ ஒட்டியே நின்றது. போகிற ஆட்கள் மட்டும் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே இருந்தார்கள். ‘இந்த நேரத்தில் லைவ் போட்டால் வியூஸ் கொட்டும்’ என்று சொல்லும் வீடியோக்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுவே. பத்தாயிரம் பேர் பார்த்துவிட்ட ரகசிய நேரம் அதற்குப் பிறகு காலியாக இருக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு, பலர் தவறவிடுவது. பின்னாளில் எம்ஐடி பேராசிரியரான ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி அது. ஓர் இடத்தில் சராசரியாக இருப்பவர்கள் எத்தனை என்றால், நிமிடத்துக்கு வருபவர்களின் எண்ணிக்கையை அவர்கள் தங்கும் நிமிடங்களால் பெருக்கினால் போதும். நிமிடத்துக்கு இருவர் வந்து நாலு நிமிடம் தங்கினால் திரையில் 8 என்று தெரியும். அதே இருவர் எட்டு நிமிடம் தங்கினால் 16. ஆள் ஒருவர்கூடக் கூடவில்லை. ஆகவே நேரம் பார்ப்பது என்றால், எப்போது நிறையப் பேர் எட்டிப் பார்ப்பார்கள் என்பதோடு எப்போது உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு வரும் பையன் டியூஷனுக்கு ஓட வேண்டியவன்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பிடித்த நேரம் ஞாயிறு காலை ஒன்பது. இங்கே பள்ளியும் கல்லூரியும் விடுமுறை. இலங்கையிலும் நம் கடிகாரம்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் முற்பகல் பதினொன்றரை. டொராண்டோவில் கோடைக் காலமானால் சனிக்கிழமை இரவு பதினொன்றரை, குளிர்காலமானால் பத்தரை. அங்குள்ள தமிழ் இளைஞருக்கு அது வார இறுதி இரவு. வளைகுடாவுக்கு மட்டும் இது ஒத்துவராது. துபாயில் காலை ஏழரைதான் ஆகியிருக்கும்.

இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சோதித்துப் பாருங்கள். ‘உங்கள் பார்வையாளர்கள் எப்போது யூடியூபில் இருக்கிறார்கள்’ என்று யூடியூப் ஸ்டுடியோ ஒரு வரைபடம் காட்டும். அதில் தெரிபவர்கள் ஏற்கெனவே உங்களைப் பார்ப்பவர்கள். இதுவரை எட்டு மணிக்கே லைவ் போட்டிருந்தால் எட்டு மணிக்காரர்களே அதில் நிறைந்திருப்பார்கள். வராதவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. தவிர, சராசரி 16 பேர் என்றால் அதன் வர்க்கமூலமான 4 அளவுக்குக் கூடுவதும் குறைவதும் வெறும் தற்செயல். செவ்வாய் 13, புதன் 19 என்பதால் புதன் ராசியாகிவிடாது. ஒரே விளையாட்டு, ஒரே நீளம், இரண்டு நேரங்கள். வாரம் மாற்றி வாரம் ஒன்றிரண்டு மாதம் போட்டுக் குறித்துக்கொண்டால்தான் வித்தியாசம் தெரியும்.

நள்ளிரவை மட்டும் நான் அடியோடு வேண்டாம் என்பேன். நம்மூர் ப்ரீபெய்டு பேக்குகளில் அன்றாட டேட்டா பெரும்பாலும் நள்ளிரவு பன்னிரண்டுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ மணிக்குச் சுமார் 0.45 ஜிபி தின்னும். ஒன்றரை ஜிபிக்காரருக்கு மூன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். பன்னிரண்டு அடித்ததும் மறுபடி கிடைக்கும். அந்த நேரத்தில் சேனல்களும் குறைவு. வகுத்தல் கணக்கில் அற்புதமான நேரம்தான். ஆனால் அப்போது கிடைக்கும் பார்வையாளர்களில் எத்தனை பேர் மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள்? வளரிளம் பருவத்தில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இயல்பாகவே தாமதமாகச் சுரக்கிறது. அவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தமிழ்நாடு அரசு 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு ஜூனில் அதை ஏற்றது. லைவ் போடுபவர்களை அந்த விதி கட்டுப்படுத்தாது. அதனால் நீங்களே கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் பள்ளி உண்டென்றால் இரவு பத்தரைக்கு லைவை முடித்துவிடுங்கள். முடிக்கும்போது, பார்க்கும் தம்பி தங்கைகளிடம் தூங்கப் போகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.