புதிய வரைகலை அட்டையும் மங்கிய எழுத்தும்

மேசைக் கணினியில் இருந்த பழைய வரைகலை அட்டையை, அதாவது திரைக்குரிய படத்தைக் கணித்து அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை, கழற்றிப் புதியதைப் பொருத்தியதும் விளையாட்டுகளும் காணொளிகளும் முன்னிலும் நன்றாக ஓட, உலாவியில் வரும் எழுத்துகள் மட்டும் பிசிறடித்து மங்கித் தோன்றுவதுண்டு. அட்டையே பழுது என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கம்போங் ராஜா செல்லும் சாலையில் உள்ள கோலா தெர்லா போன்ற ஊரில், அந்த முடிவு கணினியைத் தூக்கிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கும் செலவில் போய் நிற்கக்கூடும். அட்டை எழுத்தைத் தவறாக வரைவது மிக அரிது. வரைந்த எழுத்து திரையை அடையும் வழியில் எங்கோ இழுபட்டுச் சிதைவதே பெரும்பாலான வேளைகளில் நடப்பது.

திரை என்பது படப்புள்ளிகள், அதாவது பிக்சல்கள், வரிசை வரிசையாக அமைந்த பரப்பு. எழுத்தின் வளைகோடு இப்புள்ளிகளின் எல்லையில் ஒழுங்காக வந்து நிற்பதில்லை என்பதால், விளிம்பில் விழும் புள்ளிகளுக்குக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயல் கொடுத்துக் கண்ணுக்கு வழவழப்பாகக் காட்டுவர். மைக்ரோசாப்ட் 1998இல் அறிவித்த கிளியர்டைப் நுட்பம் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒவ்வொரு படப்புள்ளிக்குள்ளும் அடுத்தடுத்து இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியே ஒளிரவிட்டுக் கிடைமட்டத்தில் நுணுக்கத்தைக் கூட்டுகிறது. கணினி வரையும் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியில் பிறழாமல் விழுந்தால்தான் இவை பலிக்கும். தமிழுக்கு இது கூடுதல் கண்டிப்பான நிபந்தனை: பத்திகளுக்குரிய வழக்கமான எழுத்தளவில் ‘ம்’ மேலுள்ள புள்ளிக்குக் கிடைப்பது ஓரிரு படப்புள்ளிகளே, அது கரைந்தால் ‘ம்’ ‘ம’ ஆகிவிடும், ‘ண’வின் சுழிகள் ஒட்டிக்கொண்டால் ‘ன’விலிருந்து பிரித்தறிய முடியாது. மலேசியரான முத்து நெடுமாறன் ஆப்பிள் கணினிகளுக்கு வடிவமைத்த இணைமதி ஆனாலும், விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா ஆனாலும், எழுத்துரு எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் இந்த ஒன்றுக்கொன்று பொருத்தம் குலைந்தபின் பயனில்லை.

பொருத்தம் குலைந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மங்கிய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் பதிவுசெய்வது கணினிக்குள் உருவான படத்தையே அன்றித் திரையில் தெரிவதை அன்று. ஆகவே கைப்பேசியில் எழுத்து தெளிவாக இருந்தால் கோளாறு அட்டைக்கு வெளியே, கம்பியிலோ திரையிலோ இருக்கிறது. அங்கும் மங்கலாக இருந்தால் மென்பொருளில் இருக்கிறது.

மென்பொருள் பக்கத்துக் காரணங்கள் சில நிமிடங்களில் தீர்பவை. உலாவியின் பெரிதாக்கத்தை நூறு விழுக்காட்டுக்குக் கொண்டுவருவது, திரையளவு விகிதம் மாறியிருந்தால் கணினியை ஒருமுறை மூடித் திறப்பது, கிளியர்டைப் சரிசெய்யும் கருவியை ஓட்டுவது ஆகியவற்றோடு, உலாவி அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை, அதாவது பக்கத்தை வரையும் வேலையை வரைகலை அட்டையிடம் ஒப்படைக்கும் வசதியை, நிறுத்திப் பார்ப்பதும் போதும். விளையாட்டுக்காக என்விடியா அட்டையில் எஃப்எக்ஸ்ஏஏ என்னும் விளிம்பு மென்மையாக்கத்தை எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக இயக்கியிருந்தால், அது பாறையின் விளிம்பு எது, எழுத்தின் விளிம்பு எது என்று அறியாமல் இரண்டையும் சேர்த்தே தேய்த்துவிடும்.

கம்பியும் திரையும்தான் மெய்யாகவே ஆளைச் சுற்றவிடுபவை. 2016இல் வந்த என்விடியாவின் 10 வரிசை முதல் அட்டைகளில் பழைய அனலாக் வழி கிடையாது. அனலாக் வழியில் படம் வாங்கும் பழைய விஜிஏ திரையை வைத்திருப்பவர் இடையில் ஒரு மாற்றியைச் செருக நேர்கிறது. திரை எந்த அளவினது என்ற தகவலை மட்டமான மாற்றி அட்டைக்குச் சொல்லாமல் விட்டால், 1366×768 புள்ளிகள் கொண்ட திரைக்கு 1024×768 அளவுப் படம் போகும். 1024 நிரல்களை 1366இல் பரப்ப, ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு கலக்கும். எட்டால் வகுபடும் அகலத்தையே ஏற்கும் இயக்கிகள் 1360×768 என்று தந்துவிடுவதும் உண்டு. ஆறு நிரல் குறைவுதான் என்றாலும், திரை அதை இழுத்து நிரப்பினால் எழுத்து இடையிடையே பட்டைபட்டையாக மங்கும். அளவு சரியாக இருந்தும் மங்கினால், எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துத் திரையிலுள்ள ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்த வேண்டும். அனலாக் சமிக்ஞையை எந்தக் கணத்தில் அளப்பது என்பதைத் திரை அப்போது புதிதாகக் கணித்துக்கொள்ளும்.

தொலைக்காட்சியையே திரையாகப் பயன்படுத்தும் வீடுகளில் கதை வேறு. ஹெச்டிஎம்ஐ வழி வரும் படத்தைத் தொலைக்காட்சி திரைப்படமாகவே எண்ணிக்கொண்டு, ஓரங்களை வெட்டிச் சற்றே பெரிதாக்கும். கூர்மையைக் கூட்டி எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடிடும். நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவலை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடவும் கூடும். முகங்களில் இந்த நிறச் சிக்கனம் தெரியாது. நிறக் கீற்றுகளையே நம்பியிருக்கும் கிளியர்டைப் எழுத்தில் அப்பட்டமாகத் தெரியும். உள்ளீட்டின் பெயரைத் தொலைக்காட்சிப் பட்டியலில் ‘பிசி’ என மாற்றினால் பல தொலைக்காட்சிகள் இம்மூன்றையும் விட்டுவிடுகின்றன. ஏறத்தாழ நான்காயிரம் புள்ளி அகலமுள்ள 4கே தொலைக்காட்சியில் ஹெச்டிஎம்ஐ 1.4 வழி மட்டுமே இருந்தால், விநாடிக்கு 60 படங்களை முழு நிறத்தோடு அது வாங்க இயலாது; 30ஆகக் குறைத்தால் சுட்டி சற்றுத் தத்தித் தத்தி நகரும், எழுத்து தெளிந்துவிடும்.