வாசலில் கோட்டை, வயலோரம் ஊர்

மதில்களின் கதை – 9

சென்ற இதழில் ஜப்பானைப் பார்த்தோம். மலையுச்சிகளில் ஒளிந்திருந்த கோட்டைகள் 16-ஆம் நூற்றாண்டில் சமவெளிக்கு இறங்கின. 1588-இல் ஆட்சியாளர் ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்த வாள்களைப் பறித்தார். 1615-இல் ஓர் ஆட்சிப் பகுதிக்கு ஒரே கோட்டை என்று ஆணை பிறந்தது. கிராமங்களில் இருந்த சாமுராய்கள் பிரபுவின் கோட்டையடியில் குடியேறினார்கள். அவர்களுக்குச் சம்பளமாக நெல் வந்தது. நெல்லைத் தேடி வணிகர் வந்தார்கள். கனசாவா, சென்டாய், நகோயா எல்லாம் அப்படி வளர்ந்த நகரங்கள்.

நம் நாஞ்சில் நாட்டிலும் கோட்டைகள் உண்டு. ஆனால் இங்கே கதை வேறு.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓய்கிற தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்வது இந்த இடைவெளியில் வரும் காற்றால்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து படைகளும் இதே வழியாகத்தான் வந்தன. உள்ளே பழையாற்றுப் பாசனம், குளத்துக்குக் குளம் தண்ணீர், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். வந்த படைகளுக்கெல்லாம் அந்த நெல்லின் மேல் கண். திருமலை நாயக்கர் காலத்துப் படையெடுப்பில் கணியாகுளத்தில் வீழ்ந்த தளபதி இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையை இந்த மண் பாட்டாகவே பாடி வைத்திருக்கிறது.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா (1729–1758) செய்தது ஏறத்தாழ ஜப்பானியப் பிரபுக்கள் செய்ததுதான். எட்டு வீட்டுப் பிள்ளைமார், மாடம்பிகள் என்ற உள்ளூர் நிலப்பிரபுக்களை ஒடுக்கி, படையைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். 1741-இல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்தார். அங்கே பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய் பிறகு மன்னரின் தளபதியானார். வேளிமலை அடிவாரத்தில், பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில், உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டியவர் அவர். சுமார் 90 ஏக்கர் பரப்பு, நடுவே ஒரு குன்று, பீரங்கி வார்க்கும் உலைக்களம். கூரையில்லாத தேவாலயச் சுவர்களுக்குள் அவர் கல்லறை இருக்கிறது. 1777-இல் இறந்த அந்தத் தளபதியின் கல்லில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறார்கள்.

கணவாய் ஒரு வாசல் என்றால், அடுத்த வாசல் கடல். அதற்கு வட்டக்கோட்டை, அதன் ஒரு பகுதி கடலுக்குள்ளேயே நீண்டு நிற்கும். ஆரல்வாய்மொழியில் கணவாயை அடைத்து மதில் எழுந்தது. 1809 பிப்ரவரியில், திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பியின் கிளர்ச்சியின்போது, அந்த மதிலை ஆங்கிலப் படை உடைத்தது. உடைந்த சில நாட்களில் உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையின்றியே பணிந்தன. வாசல் போனபின் உள்ளே இருந்த கோட்டையால் ஒன்றும் ஆகவில்லை.

சரி, கோட்டையைச் சுற்றி நகரம் வளர்ந்ததா? பத்மநாபபுரத்தில் அரண்மனை இருந்தது, கோயில் இருந்தது, மதிலுக்குள் தெருக்கள் இருந்தன. ஆனால் 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனதும், அரண்மனையை நம்பிய பிழைப்பும் கூடவே போய்விட்டது. இன்றும் அது சிறிய நகரம்தான். வளர்ந்தது கோட்டாறும் அதையொட்டிய நாகர்கோவிலும். கோட்டாறு அரசனின் மதிலை நம்பிப் பிறந்த ஊர் அல்ல. முதலாம் குலோத்துங்கன் இங்கே நிலைப்படை வைத்த காலத்துக்கு முன்பே பேர்பெற்ற ஊர். வயலும் சந்தையும் பெருவழியும் சேரும் இடத்தில் அது இருந்தது. ராஜாக்கள் மாறினார்கள், நெல் அளக்கிற இடம் மாறவில்லை.

ஜப்பானில் கோட்டை ஊரை உண்டாக்கியது. நாஞ்சில் நாட்டில் வயல் ஊரை உண்டாக்கியது. அந்த வயலைக் காக்கக் கோட்டை வாசலுக்குப் போய் நின்றது. இதுதான் என் முடிவு.

இன்று வட்டக்கோட்டையைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. உதயகிரி வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் இத்தனை மதிலும் எதைக் காக்க எழுந்ததோ அந்த வயல்கள் வீட்டுமனைகளாகிக்கொண்டிருக்கின்றன, குளங்கள் தூர்ந்துகொண்டிருக்கின்றன. குமரி மாவட்டத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர்க் குளத்தின் கரையைக் காப்பாற்றுங்கள். கோட்டையைவிடப் பழைய அரண் அதுதான்.

(தொடரும்)